கன்வர்ட்டர் மாட்டிய தை மாதம்

காணும் பொங்கலுக்கு மறுநாள் என் மைத்துனன் என் காருக்கு அடியில் படுத்தான்.

பாலக்கோட்டில் தக்காளி மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் அவன் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறான். டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரித்து, கிளட்ச் மாற்றி, மறுபடி சேர்ப்பதில் அந்தப் பக்கம் பேர் வாங்கியவன். வண்டிக்கு அடியில் படுப்பது அவனுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் படுப்பதைப் போல. ஆனாலும் அன்று விடிந்ததிலிருந்து எனக்குப் பயமாகவே இருந்தது. அவன் படுக்கப் போவது எனக்காக. என் மனைவிக்குக் கூடப் பிறந்தவன் என்று இருப்பது அவன் ஒருவன்தான்.

எனக்கு இடது கால் போலியோவில் சூம்பியது. தடியை ஊன்றித்தான் நடக்கிறேன். கிளட்சை மிதிக்க அந்தக் காலால் முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிளட்ச் இல்லாத காரை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததுகூட இல்லை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக் குடும்பம் தங்களுடைய பழைய வெளிநாட்டுக் காரை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தானியங்கி கியர். அப்போதே அது பழைய வண்டி. தோட்டத்துச் சரிவில் முதல் தடவை அதை ஓட்டியபோது, இடது கால் தன் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்க வலது கால் மட்டும் வேலை செய்தது. அன்றிலிருந்து நான் யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போகிறவன் ஆனேன்.

எங்கள் மாவட்டத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. அவற்றில் உள்ள எழுத்துகளைப் படியெடுத்து, எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று கணக்குப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. கம்பைநல்லூர், அரூர், சித்தேரி மலையடிவாரம் என்று எல்லா இடத்துக்கும் அந்தக் கார்தான் என்னைக் கூட்டிப்போயிருக்கிறது. இப்போது எந்தக் கடையிலும் தானியங்கி கியரோடு புதுக் கார் கிடைக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிடைக்கட்டும் என்று சொல்லிவிட்டு இதையே வைத்திருந்தேன்.

ஐப்பசியில், சித்தேரியிலிருந்து இறங்கி வரும்போது வண்டி நின்றது. இன்ஜின் கத்துகிறது, சக்கரம் நகரவில்லை. கியர்பாக்ஸைக் கழற்றி பெங்களூருக்கு அனுப்பினோம். மார்கழிக் கடைசியில் செப்பனிட்டுத் திரும்பி வந்தது. கூடவே கன்வர்ட்டரும் வந்தது.

கன்வர்ட்டர் என்பது ஒரு பெரிய பரங்கிக்காய் அளவுள்ள எஃகுக் குடம். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும். உள்ளே எண்ணெய். இன்ஜின் ஒரு பக்கம் எண்ணெயைச் சுழற்ற, அந்தச் சுழற்சி மறுபக்கத்தைத் திருப்பும். கிளட்ச் செய்யும் வேலையை எண்ணெய் செய்துவிடுகிறது. மைத்துனன் அதைப் பார்த்ததும் பூசணி என்று பெயர் வைத்தான். பிறகு நாங்கள் யாரும் அதை வேறு பெயரால் கூப்பிடவில்லை.

இதை மாட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலில் கியர்பாக்ஸின் வாய்க்குள் கன்வர்ட்டரை வைத்துத் திருகித் திருகி உள்ளே தள்ள வேண்டும். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் மூன்று பற்களில் அது ஒவ்வொன்றாக இறங்கும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ‘டக்’ என்று ஒரு சத்தம். மூன்றும் இறங்காமல் கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்த்து முடுக்கினால், உள்ளே இருக்கும் பம்ப் நொறுங்கிவிடும். காரோடு வந்த பட்டறைப் புத்தகத்தை மார்கழி முழுவதும் படித்திருந்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்காமலே சொல்வேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில், சாக்கு விரித்து கியர்பாக்ஸை நிமிர்த்தி வைத்தோம். மைத்துனன் பூசணியில் எண்ணெய் ஊற்றி, இரு கையாலும் தூக்கி, உள்ளே வைத்துத் திருகினான். டக். இன்னொரு டக்.

“உக்காந்துடுச்சு மாமா.”

“இன்னொரு தடவை உட்காரணும்.”

“ஒரு ஆளு எத்தன தடவதான் உக்காருவான்? கல்யாணப் பந்தியா இது?”

“புத்தகத்துல மூணு போட்டிருக்குது மாப்ள.”

“உங்க புஸ்தகம் எழுதுனவன் பாலக்கோடு வந்து ஒரு டிராக்டரப் பிரிச்சு ஒட்டிக் காட்டட்டும், அப்பறம் பேசறேன்” என்றான். ஆனாலும் திருகினான். மூன்றாவது டக் கேட்டது. அவன் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் கியர்பாக்ஸ் வாய்க்குக் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்து ஆழம் பார்த்தேன். சரியாக இருந்தது. அன்று காலை முழுவதிலும் எனக்குப் பயம் இல்லாமல் இருந்த நேரம் அது மட்டும்தான்.

பட்டறையில் வேலை செய்கிறவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். இருந்தது நாங்கள் மூன்று பேர்: அவன், நான், என் மனைவி. அவள் டீ டம்ளரோடு கொட்டகை வாசலில் நின்றாள்.

“டேய், ஆளுங்க வந்தப்பறம் ஏத்தினா ஆவாதா? இப்ப என்னா அவசரம்?”

“அக்கா, ஆளுங்க வந்தா தக்காளி வண்டிங்கதான் வரிசையா நிக்கும். மாமா வண்டிய அப்பறம் யாரு பாக்கறது? இன்னிக்கு உட்டா சித்திரதான்.”

“ஏங்க, நீங்களாவது சொல்லுங்க.”

நான் புத்தகத்தைத் திறந்தேன். எனக்கும் அது ஏறிவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

கார் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. ஒவ்வொன்றையும் நான் தடியால் தட்டிப் பார்த்தேன். கியர்பாக்ஸை ஏற்ற அவன் ஒரு லாரி ஜாக்கியும் அதன் மேல் ஒரு பலகையும் வைத்தான். கியர்பாக்ஸின் ஒடுங்கிய வால் பக்கத்துக்கு முட்டுக்கொடுக்க, தக்காளி அடுக்கும் கிரேடுப் பெட்டிகளைக் கவிழ்த்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினான். பாலக்கோட்டில் பிளாஸ்டிக் கிரேடு இல்லாமல் எதுவும் நடக்காது. உட்கார, ஏறி நிற்க, சாமி படம் வைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். சரக்கோடு ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். அது கனம் தாங்காது என்று அந்த ஊரில் யாரும் நினைக்க மாட்டார்கள். நானும் நினைக்கவில்லை. நான் பயந்தது ஸ்டாண்டுகளைப் பற்றி. கொட்டகையில் சிந்திய எண்ணெயில் அந்தக் கிரேடுகளின் விளிம்பு நனைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

பூசணி வெளியே நழுவாமல் இருக்க வாயின் குறுக்கே கயிறு கட்டியிருந்தோம். அவன் மல்லாந்து படுத்து, முதுகால் நகர்ந்து உள்ளே போனான். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. நான் ஒரு கிரேடைப் போட்டு, அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியில் புத்தகம்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். எழுத்தில் படித்த ஆபத்தெல்லாம் எனக்கு நடக்கப் போவதாகத் தோன்றும். ஆனால் அன்றைய பயம் வேறு மாதிரி இருந்தது. ஜாக்கி ஒவ்வொரு தரம் ஏறும்போதும் என் விலா எலும்பில் ஏதோ அழுந்துவதுபோல இருந்தது. அந்த இரும்பு மொத்தமும் அவன் நெஞ்சுக்கு மேலே இருந்தது. நான் நிழலில் உட்கார்ந்துகொண்டு பக்கம் புரட்டினேன்.

கியர்பாக்ஸின் வாய் இன்ஜினை நெருங்கியது. கயிற்றை அறுத்தான். கொஞ்ச நேரம் முக்கல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “மாமா, ஒரு வெரல் அளவு சேர மாட்டேங்குது” என்றான்.

“ஏத்தும்போது சாஞ்சுதா?”

“லேசா மூக்கு கீழ போச்சு.”

எனக்குப் புரிந்துவிட்டது. கியர்பாக்ஸின் முன்பக்கம் தாழ்ந்தபோது பூசணி முன்னால் நழுவி, மூன்றாவது பல்லை விட்டு வெளியே வந்திருக்கிறது.

“மாப்ள, எறக்கிடு. மறுபடி உட்கார வெக்கணும்.”

“எதுக்கு எறக்கறது? நீட்டு போல்ட்டு ரெண்டு போட்டு முடுக்கினா தன்னால வந்து ஒட்டிக்கும். டிராக்டருக்கு அப்புடித்தான் பண்றது.”

“முடுக்காத! பம்ப் போயிடும்!”

“சரி, கத்தாதீங்க. சும்மா மாட்டி வெச்சிருக்கறேன், முடுக்கல.”

“அதையும் கழட்டிடு.”

“கழட்டறேன், கழட்டறேன். மொதல்ல பூசணிய கையால தள்ளிப் பாக்கறேன். எறங்கிட்டா வேல முடிஞ்சுது.”

புத்தகத்தில் கையை நடுவில் விடு என்று எங்கேயும் இல்லை. விடாதே என்றும் இல்லை. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டக் என்று கேட்டது. அது பூசணியின் சத்தம் என்று ஒரு கணம் நினைத்தேன். கிரேடுகள் சறுக்கிச் சரிந்த சத்தம் அது. பின்னாலேயே ஜாக்கி கவிழ்ந்து தரையில் மோதியது.

அவன் கத்தவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. வெளியே தெரிந்த இரண்டு கால்களும் ஒரு தடவை உதறிவிட்டு நின்றன.

“மாப்ள.”

கிரேடின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தேன்.

“மாப்ள!”

காற்றே இல்லாத ஒரு குரல், “கை” என்றது.

நடுகற்களில் இன்னார் பட்டான் என்று எழுதியிருக்கும். பட்டான் என்றால் செத்தான். அந்தச் சொல்லை நான் எத்தனையோ கற்களில் விரலால் தடவிப் படித்திருக்கிறேன். ஒரு தடவையும் எனக்கு அது வலித்ததில்லை. எனக்கு வேண்டியது ஆண்டுக் கணக்கு. அன்று அந்தக் கால்களைப் பார்த்தபோது அந்தச் சொல்தான் முன்னால் வந்து நின்றது.

பிறகு செய்தது எதையும் யோசித்துச் செய்யவில்லை. கிரேடிலிருந்து தரையில் விழுந்தேன். தடி எங்கோ போனது. மல்லாந்து, இரண்டு முழங்கையாலும் தரையை உந்தி, அவன் பக்கத்தில் உள்ளே போனேன். அங்கே பாதி இருட்டு. கியர்பாக்ஸின் வால் அவன் நெஞ்சின் மேல் கிடந்தது. அவன் வலது கை மேலே போய், வாய்க்கும் இன்ஜினுக்கும் நடுவில் விரல்களோடு மறைந்திருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. கண் திறந்திருந்தது.

நான் இரண்டு உள்ளங்கையையும் வாலுக்குக் கீழே கொடுத்துத் தள்ளினேன். சிறு வயதிலிருந்து என் உடம்பைத் தூக்கியது என் கைகள்தான். கால் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துச் செய்த கைகள். அந்த இரும்பு அசைந்தது. அவன் மூச்சை இழுத்த சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது.

“ஜாக்கி!” என்று கத்தினேன். “ஜாக்கிய உள்ள தள்ளு!”

என் மனைவி ஏற்கெனவே தரையில் படுத்திருந்தாள். புடவையெல்லாம் எண்ணெய். கவிழ்ந்த ஜாக்கியை நிமிர்த்தி, பலகையை வைத்து, கைப்பிடியை அடித்தாள். அவள் அதுவரை ஜாக்கியைத் தொட்டதில்லை. “டேய் சாமி, டேய் சாமி” என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். என் முழங்கை மடங்க ஆரம்பித்தது. விட்டுவிடுவேன் என்று உறுதியாகத் தெரிந்தது. இன்னும் ஒரு மூச்சு, இன்னும் ஒரு மூச்சு என்று தள்ளிப்போட்டேன். பலகை மேலே வந்து முட்டியது. பாரம் என் கையிலிருந்து போனது. மூக்குப் பக்கம் இடைவெளி திறந்தது. அவன் கையை உருவிக்கொண்டான்.

வெளியே வந்த பிறகுதான் மூன்று பேரும் அழுதோம். மைத்துனன் அழுதுகொண்டே சிரித்தான்.

“மாமா, நீங்க கழட்டச் சொன்ன போல்ட்டு ரெண்டும் அங்கியேதான் கெடக்குது. அதுதான் மூக்கத் தாங்குச்சு. கழட்டியிருந்தா மொத்தமும் எம்மேலதான்.”

குனிந்து பார்த்தேன். இரண்டு நீண்ட போல்ட்டுகளும் வளைந்து, கியர்பாக்ஸின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தன. முடுக்கியிருந்தால் பம்ப் போயிருக்கும். கழற்றியிருந்தால் அவன் போயிருப்பான். புத்தகத்தில் இருந்தது சரி. நான் சொன்னதும் சரி. அதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

பாலக்கோட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. இரண்டு விரல்களில் தையல், நெஞ்சில் கன்றிப்போன ஒரு பட்டை. டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டபோது, “பூசணிக்கா நசுக்கிடுச்சுங்க” என்றான். டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

வண்டியை விற்றுவிடுங்கள் என்று அன்றே சொன்னாள் என் மனைவி. விற்றுவிடுகிறேன் என்றேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன். ஒத்துக்கொள்ளாதவன் மைத்துனன். “கையக் குடுத்தது நானு. பாதியில உட்டா எனக்குத்தான் கேவலம்” என்றான்.

தைப்பூசம் கழித்து அவனுடைய ஆட்கள் சங்கிலி போட்டுப் பாரம் தூக்கும் செயின் பிளாக் கொண்டுவந்தார்கள். கியர்பாக்ஸை மரச்சட்டத்தில் பிணைத்து, நாலு பக்கமும் கட்டி ஏற்றினார்கள். கிரேடுகளை நான் முன்னாலேயே எடுத்து வீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டேன். மூன்று இறக்கமும் முடிந்து, ஆழம் பார்த்து, கயிறு அவிழ்த்தோம். இந்தத் தடவை வாய் இன்ஜினோடு கைத்தள்ளலிலேயே வந்து பொருந்தியது. முடுக்கி முடித்தார்கள்.

மிச்சம் ஒரு வேலை இருந்தது. பூசணியை இன்ஜினின் பின்தட்டோடு சேர்க்கும் சின்னப் போல்ட்டுகளை அடியில் உள்ள ஒரு துவாரம் வழியாக ஒவ்வொன்றாகப் போட வேண்டும். மேலே ஒருவர் இன்ஜினை ஸ்பேனரால் சுற்றிக் கொடுக்க, அடுத்த ஓட்டை துவாரத்துக்கு நேராக வரும். கீழே ஒருவர் படுத்துத்தான் ஆக வேண்டும். பட்டறை ஆள் ஒருவர் சட்டையைக் கழற்றினார்.

“வேண்டாம், நான் படுக்கறேன்” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுடுச்சா? கல்லு கல்லாப் பாத்து வந்தீங்களே, உங்களுக்கும் ஒண்ணு நட நான் ஆளு தேடணுமா?” என்றாள் என் மனைவி.

அவளிடம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தரையில் படுத்துவிட்டால் என் இரண்டு காலும் ஒன்றுதான் என்பதை அன்று உள்ளே போனபோது தெரிந்துகொண்டிருந்தேன். அதுவரை, அடியில் போவது என்னால் ஆகாத காரியம் என்று நானும் நம்பினேன், மற்றவர்களும் நம்பினார்கள். இனிமேல் அந்தச் சாக்கு எனக்கு இல்லை. இன்னொருவர் காலைப் பார்த்துக்கொண்டு அந்தக் கிரேடின் மேல் மறுபடி உட்கார என்னால் முடியாது. உள்ளே போகும் பயம் பெரியதா வெளியே உட்காரும் பயம் பெரியதா என்று கேட்டால், எனக்கு வெளியே இருப்பதுதான்.

படுத்து உள்ளே நகர்ந்தேன். பின்மண்டைக்குக் கீழே தரை சில்லென்று இருந்தது. கியர்பாக்ஸ் என் மூக்குக்கு மேலே, சட்டமும் சங்கிலியுமாக நின்றது. நிற்கிறது என்று தெரியும். தெரிந்தும், என் விலா எலும்புகள் தாமாகவே உள்ளே சுருங்கின. மூச்சை நிதானமாக விடப் பார்த்தேன்; அது துண்டு துண்டாக வந்தது. எண்ணெய் வாடை தொண்டையில் நின்றது. துவாரத்துக்குள் விரலை விட்டுப் பூசணியைத் தொட்டேன். தட்டுக்கும் அதற்கும் நடுவே மெல்லிய இடைவெளி. விரலால் தள்ளியதும் தடையில்லாமல் சுழன்றது. அப்படித்தான் சுழல வேண்டும்.

முதல் போல்ட்டைக் கையால் ஏற்றினேன். விரல் வேர்வையில் அது இரண்டு தடவை நழுவி என் கன்னத்தில் விழுந்தது. மேலே, கட்டுப் போட்ட கையை மடக்கிக்கொண்டு, மைத்துனன் இடது கையால் ஸ்பேனரைப் பிடித்திருந்தான்.

“சுத்தட்டா மாமா?”

“சுத்து.”

பின்தட்டு மெதுவாக நகர்ந்தது. அந்த நகர்வில் எங்கோ ஒரு சங்கிலிக் கண்ணி கிறீச்சிட்டது. என் உடம்பு அப்படியே உறைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த ஓட்டை வந்துவிட்டதா என்று பார்க்கக்கூட இல்லை.

“வந்துச்சா?” என்று மேலே கேட்டான்.

கையில் இருந்த அடுத்த போல்ட்டை இறுக்கிப் பிடித்தேன்.

“மாமா, வந்துச்சா?”

ஸ்பேனர் கீழே விழும் சத்தம். காலடிகள் சுற்றி வந்தன. முன்சக்கரத்துப் பக்கம் அவன் முகம் தலைகீழாகத் தெரிந்தது. நெற்றி தரையைத் தொட்டிருந்தது. நெஞ்சு வலி இன்னும் இருந்ததால் குனிந்ததில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“கேட்டா பதில் சொல்லுங்க மாமா” என்றான். குரல் உடைந்திருந்தது. “மேல நிக்கறவனுக்குப் பயமா இருக்காதா?”

கண்ணைத் திறந்து துவாரத்தைப் பார்த்தேன். ஓட்டை நேராக வந்து நின்றிருந்தது.

“வந்துடுச்சு மாப்ள” என்றேன். “நீ எந்திரி. நான் பேசிக்கிட்டே இருக்கறேன்.”